மாம்பலம் வருவதற்குள் வாசகரைப் பிடியுங்கள்

கட்டுரையோ கதையோ, நான் மனதில் வைத்து எழுதுவது தாம்பரம்–கடற்கரை ரயிலில் நின்றபடி போன் பார்ப்பவரை. அவர் சைதாப்பேட்டையில் படிக்கத் தொடங்கினால், அடுத்த ஸ்டேஷனான மாம்பலத்துக்குள் விஷயம் என்னவென்று தெரிந்துவிட வேண்டும். அதனால் முன்னுரை மாதிரி வரும் முதல் பத்தியை இரக்கமில்லாமல் வெட்டிவிடுவேன்.

எண்களில்தான் பலர் சறுக்குகிறார்கள். மீஞ்சூர் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்தின் திறன் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் என்று மட்டும் எழுதினால் தலையில் நிற்காது. 9,000 லிட்டர் தண்ணீர் லாரிக் கணக்கில் வகுத்துப் பாருங்கள்: 11,000 லாரிக்கு மேல். 2019 கோடையில் தெருமுனையில் குடத்தோடு நின்றவருக்கு இது சட்டென்று புரியும். அப்புறம், அப்படி நின்ற ஒருவரைப் பேச விடுங்கள். அவர் பேச்சைச் செய்தித் தமிழாக மாற்ற வேண்டாம்.

எல்லோருக்கும் பிடிக்கட்டும் என்று ஊர் பேர் இல்லாமல் கதை எழுதுவது வீண் வேலை. ரங்கநாதன் தெருவில், தீபாவளிக் கூட்டத்தில், அப்பாவின் விரலை விட்டுவிட்ட குழந்தை என்றால் மதுரைக்காரருக்கும் பதறும்.

தலைப்பு கடைசியில் போதும். முடித்ததும் வீட்டில் யாருக்காவது சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். என் மனைவி “சரி, அப்புறம்?” என்று கேட்காத பத்தி அன்றைக்கே போய்விடும்.