ரிட்டர்ன் வேல்யூவைத் திருத்தப் போய் பாக்கெட்டைத் தொலைக்காதீர்கள்

லினக்ஸ் நெட்வொர்க் டிரைவரில் புதிதாகப் பேட்ச் போடுகிறவர்கள் பலர் முதலில் கை வைப்பது ரிட்டர்ன் வேல்யூவில்தான். சின்ன மாற்றம், ரெண்டு வரி. சிங்கப்பூரில் ஒன் நார்த், சாங்கி பிசினஸ் பார்க் பக்கம் ரவுட்டர் வேலை பார்க்கும் தம்பிகள் “அண்ணே, வார்னிங் போயிடுச்சு” என்று வந்தால் நான் கேட்பது ஒன்றுதான்: பாக்கெட்டை யார் ஃப்ரீ செய்கிறார்கள், அதாவது அதன் மெமரியை யார் விடுவிக்கிறார்கள்?

பாக்கெட்டை அனுப்பும் ஸ்டார்ட்_எக்ஸ்மிட் ஃபங்ஷன் நெட்டெவ்_டிஎக்ஸ்_டி என்ற ஈனம் (enum, பெயரிட்ட மதிப்புகளின் பட்டியல்) வகையைத் திருப்ப வேண்டும். பழைய டிரைவர்கள் பல இன்ட் (int, வெறும் முழு எண்) என்றே எழுதிவிட்டன. ரொம்ப நாள் யாருக்கும் உறுத்தவில்லை. 2022 இறுதியில் வந்த லினக்ஸ் 6.1-இல் கேசிஎஃப்ஐ (kCFI) என்ற, ஃபங்ஷன் அழைப்புகளின் வகையைச் சரிபார்க்கும் சோதனை சேர்ந்தது. கிளாங் கம்பைலரில் அதை இயக்கி பில்ட் செய்தால், ஃபங்ஷன் பாயின்டரின் வகை பொருந்தாத இடத்தில் கெர்னலே விழுந்துவிடும். ஆகவே வகையை மாற்றுவது சரிதான். ஆனால் ஃபங்ஷனின் தலைப்பு வரியை மட்டும் மாற்றிவிட்டு, உள்ளே இருக்கும் ‘ரிட்டர்ன் மைனஸ் ஈநோமெம்’ (மெமரி இல்லை என்ற பிழை எண்) வரியை அப்படியே விட்டுவிடுகிறார்கள். கம்பைலரும் பெரும்பாலும் வாயைத் திறப்பதில்லை.

அந்த ஈனத்தில் உள்ள டிஎக்ஸ்_ஓகே என்ற மதிப்பை டிரைவர் திருப்பினால் ‘பாக்கெட் இனி என் பொறுப்பு’ என்று பொருள். அது வயரில் போனதா என்பது வேறு கதை. நம் ஹாக்கர் சென்டரில் தட்டை எடுத்தவரே திருப்பி வைக்க வேண்டும் அல்லவா, அதே கணக்கு. மெமரி கிடைக்கவில்லையா? பாக்கெட்டை ஃப்ரீ செய்து, டிஎக்ஸ்_டிராப்டு என்ற, கைவிட்ட பாக்கெட்டுகளின் கணக்கில் ஒன்றைக் கூட்டி, டிஎக்ஸ்_ஓகே திருப்புங்கள். தோல்விக்கு ஓகேயா என்று முகம் சுளிக்க வேண்டாம். மைனஸ் எண்ணைத் திருப்பினாலும் பாக்கெட்டை டிரைவர் எடுத்துக்கொண்டது என்றே கெர்னல் நினைக்கும். நீங்கள் ஃப்ரீ செய்யவில்லை என்றால் மெமரி லீக்.

டிஎக்ஸ்_பிஸி என்ற மற்ற மதிப்பு இதற்கு நேர் எதிர். அதைத் திருப்பினால் பாக்கெட்டைத் தொடவே கூடாது, கெர்னல் மறுபடி அனுப்பிப் பார்க்கும். ஃப்ரீ செய்துவிட்டு பிஸி என்றால், விட்ட மெமரியையே கெர்னல் மீண்டும் தொடும். உண்மையில் பிஸி அபூர்வமாகத்தான் வர வேண்டும். ரிங் (அனுப்பக் காத்திருக்கும் பாக்கெட்டுகளின் வட்ட வரிசை) நிரம்பும் முன்பே கியூவை நிறுத்துவதுதான் நல்ல டிரைவருக்கு அழகு.

சாதனத்தைக் கண்டதும் கெர்னல் அழைக்கும் டிரைவரின் புரோப் ஃபங்ஷனில் வேறு வகைத் தவறு. பிழை வந்ததும் கோட்டூ (goto) போட்டு வெளியேறுவார்கள், திருப்பப் போகும் ரெட் (ret) மாறியில் பிழை எண்ணை வைக்க மறப்பார்கள். அதில் முந்தைய அழைப்பு விட்டுப்போன பூஜ்யம் இருக்கும். புரோப் ஜெயித்தது என்று கெர்னல் நம்பும்; சாதனத்தை எழுப்பும்போதோ கழற்றும்போதோ வெடிக்கும். இன்டரப்ட் எண்ணை அன்சைன்டு (மைனஸ் எண் ஏற்காத) மாறியில் வாங்கினால் ‘பூஜ்யத்துக்குக் கீழா’ என்ற சோதனை என்றைக்கும் பலிக்காது. வந்த பிழை எண்ணைத் தூக்கிவிட்டு எல்லாவற்றுக்கும் ஈநோடெவ் (சாதனம் இல்லை) திருப்புவதும் ஆபத்து: வந்தது ஈபுரோப்_டிஃபர் என்றால், பிறகு முயலலாம் என்ற செய்தி தொலைந்து போகும், கிளாக்கோ ரெகுலேட்டரோ தாமதமாக வரும் போர்டில் போர்ட்டே தோன்றாது.

வந்த பாக்கெட்டுகளைத் தொகுதியாக எடுக்கும் என்ஏபிஐ (NAPI) போல் (poll) ஃபங்ஷனில், ஒரு முறைக்குக் கெர்னல் தரும் உச்ச எண்ணிக்கையான பட்ஜெட் முழுவதும் தீர்ந்தால் அதே எண்ணைத் திருப்புங்கள், வேலை முடிந்தது என்று சொல்லும் கம்ப்ளீட்டை அழைக்காதீர்கள்.

இந்தப் பிழைப் பாதைகள் மேசையில் வைத்து பிங் அடித்தால் ஓடாது. கெர்னலின் ஃபெயில்ஸ்லாப் என்ற சோதனை வசதியை இயக்கி மெமரி கேட்பதை வேண்டுமென்றே தோற்கடியுங்கள். கூடவே தவறான மெமரித் தொடுதலைப் பிடிக்கும் கேஏசானும் (KASAN) மெமரி லீக்கைப் பிடிக்கும் கேமெம்லீக்கும் ஓடட்டும். அப்புறம் பேட்சை அனுப்புங்கள்.