பயண டிரெய்லரின் பின்புறத்தில் சைக்கிள் தாங்கிக்கான ரிசீவர்: புதிதாக வெல்டிங் பழகுவோருக்கான செய்முறை

ஒன்டாரியோவில் கோடைக்காலத்தில் பயண டிரெய்லரை இழுத்துக்கொண்டு முகாமுக்குச் செல்லும் குடும்பங்கள் முதலில் செய்ய நினைக்கும் மாற்றம், பின்னால் இரண்டு சைக்கிள் ஏற்றுவதற்கு ஒரு தாங்கி பொருத்துவதாகத்தான் இருக்கும். நானும் அப்படித்தான் தொடங்கினேன். பின் பம்பரை இறுக்கிப் பிடிக்கும் தாங்கி ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டு அல்கோன்குவின் பூங்காவுக்குக் கிளம்பினோம். ஹன்ட்ஸ்வில்லில் பெட்ரோல் போட நிறுத்தியபோது பின்னால் போய்ப் பார்த்தால், சைக்கிள் சக்கரங்கள் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. பம்பரின் இடது ஓரத்து வெல்டு பாதிக்கு மேல் பிளந்திருந்தது.

பிழை என்னுடையதுதான். பெரும்பாலான பயண டிரெய்லர்களில் காணப்படும் அந்த 4 அங்குலச் சதுரப் பம்பர், கழிவுநீர்க் குழாயைச் சுருட்டி உள்ளே வைப்பதற்காகச் செய்யப்பட்ட மெல்லிய தகட்டுக் குழாய். பலவற்றில் அதன் சுவர்த் தடிப்பு 1/16 அங்குலத்தை ஒட்டியே இருக்கும். அதன் மேல் எவ்வளவு அழகாக வெல்டு செய்தாலும் பலம் வராது. சுமை வண்டியின் முதன்மைச் சட்டகத்துக்குப் போக வேண்டும். அதற்கான குறுக்குச் சட்டம் ஒன்றை, தாங்கியின் தண்டைச் செருகும் சதுரக் குழாயான ரிசீவரோடு சேர்த்துச் செய்வதே இங்கே நோக்கம். புதியவர்களுக்கு நான் சொல்லும் வழியில், வெல்டிங் முழுவதும் பட்டறை மேசையின் மேல் நடக்கும்; வண்டியில் போல்ட் மட்டுமே போடுவோம்.

முதலில் கணக்கு

இரும்பு வாங்குவதற்கு முன் எடையைப் பாருங்கள். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்முனையில், அதாவது இழுக்கும் வண்டியில் டிரெய்லரை மாட்டும் இரும்புப் பந்தின் மேல், அமர வேண்டும். அது குறைந்தால் வேகமாகச் செல்லும்போது டிரெய்லர் பாம்புபோல் நெளியத் தொடங்கும். அச்சுக்குப் பின்னால் ஏற்றும் எந்தச் சுமையும் சீசா பலகையின் மறுமுனையில் உட்கார்ந்த ஆளைப் போல முன்முனையைத் தூக்கிவிடும்.

எடுத்துக்காட்டாக, 5,000 பவுண்டு டிரெய்லரில் முன்முனை எடை 600 பவுண்டு, அதாவது 12 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். தாங்கி 50, சைக்கிள்கள் 60, நாம் செய்யும் சட்டம் 40 என மொத்தம் 150 பவுண்டு, அச்சுகளின் நடுவிலிருந்து 10 அடி பின்னால் ஏறுகிறது. அந்த நடுவிலிருந்து பந்து 15 அடி முன்னால் இருந்தால், முன்முனையில் 150 × 10 ÷ 15, அதாவது 100 பவுண்டு குறையும். இப்போது 5,150 பவுண்டுக்கு 500 பவுண்டுதான் மிஞ்சுகிறது. அது 10 சதவீதத்துக்குக் கீழே. பின்பக்க அலமாரியில் இருக்கும் கருவிகளையும் தண்ணீர்க் குடுவைகளையும் முன்பெட்டிக்கு மாற்றிச் சரிசெய்ய முடியாவிட்டால், இந்த வேலையை இத்தோடு நிறுத்திவிடுவதே நல்லது. தாங்கியின் கையேட்டையும் படியுங்கள். பல தாங்கிகள் டிரெய்லரில் மாட்டுவதற்கு அனுமதிக்கப்பட்டவை அல்ல.

பொருள்கள்

குறுக்குச் சட்டத்துக்கு 2 × 3 அங்குல அளவில் 3/16 அங்குலச் சுவர் கொண்ட செவ்வகக் குழாய், பக்கத் தகடுகளுக்குக் கால் அங்குல இரும்புப் பிளேட், 2 அங்குல உள்ளளவுள்ள ஆயத்த ரிசீவர் குழாய், 1/2 அங்குல கிரேடு 5 (பலத்தின் தரக்குறி) போல்ட் எட்டு ஆகியவை போதும். விலை குறைவு என்று குழாய்க்குப் பதிலாக ஆங்கிள் இரும்பை வாங்காதீர்கள். சைக்கிள்கள் சட்டத்துக்குப் பின்னால் இரண்டடி தள்ளித் தொங்குவதால், சட்டம் வளைவதோடு முறுக்கத்துக்கும் ஆளாகும். மூடிய குழாய் முறுக்கத்தைத் தாங்கும், திறந்த ஆங்கிள் துணி பிழிவதுபோல் திருகிக்கொள்ளும். துத்தநாகப் பூச்சுள்ள இரும்பையும் தவிர்த்துவிடுங்கள். சூடாகும்போது எழும் அந்தப் புகை காய்ச்சலையும் நடுக்கத்தையும் தரும்.

வீட்டுச் சாதாரண மின்பொருத்தியில் ஓடும் 140 ஆம்பியர் வகைக் கம்பியூட்டும் வெல்டிங் இயந்திரத்துக்குக் கால் அங்குலப் பிளேட் எல்லைக்கு வெளியே உள்ள வேலை. 240 வோல்ட்டில் ஓடும் 200 ஆம்பியர் வகை இயந்திரத்தை ஒரு நாள் வாடகைக்கு எடுப்பதே சரி. திறந்த வெளியில் வெல்டைக் காக்கும் கவச வாயுவைக் காற்று அடித்துக்கொண்டு போய்விடும் என்பதால், வாயு தேவைப்படாத ஃபிளக்ஸ் கோர் கம்பியை (உள்ளே ஃபிளக்ஸ் பொடி நிறைந்தது) நான் விரும்புகிறேன். ஆனால் அதற்கு, கையில் பிடிக்கும் வெல்டிங் டார்ச் எதிர்முனையில் இணைக்கப்பட்டிருக்க வேண்டும். வாயுவோடு ஓடும் திடக் கம்பிக்கு நேர்முனை. புதியவர்கள் இதை மாற்ற மறந்துவிட்டு, பொறி தெறிக்கிறதே என்று இயந்திரத்தைக் குறை சொல்வது வழக்கம்.

உடைத்துப் பார்க்கும் பயிற்சி

சட்டத்தைத் தொடுவதற்கு முன், அதே தடிப்புள்ள இரண்டு துண்டுகளைக் கவிழ்த்த ஆங்கில ‘T’ போல நிறுத்தி, ஒரு பக்கம் மட்டும் வெல்டு செய்யுங்கள். ஆறியதும் வைஸில் பிடித்து, வெல்டு உள்ள பக்கம் நோக்கி மடங்கும்படி சுத்தியலால் அடியுங்கள். நல்ல வெல்டு எளிதில் விடாது. விட்டாலும் உடைந்த பரப்பு முழுவதும் சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக இருக்கும். சூடு போதாத வெல்டு அடித்த இரண்டாம் அடியிலேயே முழுதாகக் கழன்று வரும். அடியில் பிளேட்டின் பழைய கருஞ்செதில் கூடக் கலையாமல் அப்படியே இருக்கும். என் முதல் மூன்று துண்டுகளும் இப்படித்தான் வந்தன, அதுவும் மேலே பார்ப்பதற்குக் கயிறு திரித்தாற்போல் வடிவாக இருந்தவை. வெல்டின் ஓரம் இரும்போடு மெல்லச் சரிந்து கலக்காமல் உருண்டு நின்றால் ஆம்பியரைக் கூட்டுங்கள், கையின் வேகத்தைக் குறையுங்கள். ஃபிளக்ஸ் கோர் கம்பியில் டார்ச்சை உங்கள் பக்கம் இழுத்துக்கொண்டே வர வேண்டும், தள்ளக் கூடாது. தொடர்ந்து மூன்று துண்டுகள் உடைய மறுக்கும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

மேசையில் வெல்டிங்

டிரெய்லரின் இரண்டு நெடுஞ்சட்டங்களும் பெரும்பாலும் ஐ பீம்களாக (ஆங்கில ‘I’ வடிவ இரும்பு) இருக்கும். அவற்றின் நடுச்சுவர்களுக்கு இடையிலான உள்ளகலத்தை மூன்று இடங்களில் அளந்து, மிகக் குறைந்த அளவிலிருந்து 1/8 அங்குலம் கழித்துச் சட்டத்தின் மொத்த நீளத்தை, பக்கத் தகடுகளையும் சேர்த்து, முடிவு செய்யுங்கள். பொருத்தும்போது மிஞ்சும் இடைவெளியை மெல்லிய இரும்புத் தகடு வைத்து நிரப்பலாம். நீளம் கூடிப்போனால் ஒன்றும் செய்ய முடியாது. பக்கத் தகடுகள் ஐ பீமின் மேல், கீழ் பட்டைகளுக்கு இடையே அடங்க வேண்டும். தகடு ஒவ்வொன்றிலும் போல்ட்டுக்கான நான்கு துளைகளை இப்போதே போட்டுவிடுங்கள்.

சேரும் இடத்தைச் சுற்றி ஓர் அங்குலத்துக்குக் கிரைண்டரால் பளபளக்கத் தேயுங்கள். எண்ணெய் போக அசிட்டோனால் துடைத்து, முழுதாக உலர விடுங்கள். பிரேக் துப்புரவுத் தெளிப்பானைக் கிட்டேயும் கொண்டுவராதீர்கள்: குளோரின் கலந்த வகை வெல்டிங்கின் வெப்பத்திலும் ஒளியிலும் ஃபாஸ்ஜீன் என்னும் கொடிய நச்சு வாயுவாக மாறும்.

குழாயையும் தகடுகளையும் கிளாம்ப் போட்டு, மட்டம் பார்த்து, நான்கு மூலையிலும் டேக் (தற்காலிகச் சிறு வெல்டு) அடியுங்கள். மீண்டும் அளந்த பிறகு, ஒன்றரை அங்குலம் ஒன்றரை அங்குலமாக எதிரெதிர்ப் பக்கங்களில் மாறி மாறி வெல்டு செய்யுங்கள். ஒரே பக்கத்தில் நிறுத்தாமல் ஓட்டினால், ஆறிச் சுருங்கும் இரும்பு தகட்டை அந்தப் பக்கமே இழுத்துக்கொள்ளும். ரிசீவர் குழாயைச் சட்டத்தின் அடியில் வைத்து வெல்டு செய்யும்போது, தாங்கியின் 2 அங்குலத் தண்டைத் தளர்வாக உள்ளே செருகி வையுங்கள். சிறிது செய்துவிட்டு அதை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். குழாய் நெளிந்து தண்டு நுழையாமல் போனதைப் பிறகு அரம் வைத்து ராவிக்கொண்டிருப்பது ஒரு நாள் வேலை. ரிசீவரின் இரு பக்கமும் முக்கோணத் துணைத் தகடு வைக்க மறவாதீர்கள். மொத்தச் சுமையும் இந்த ஒரு மூட்டில்தான் நிற்கிறது. கையில் நம்பிக்கை இல்லையென்றால், எல்லாவற்றையும் டேக் அடித்து எடுத்துப்போய், சான்றிதழ் உள்ள வெல்டரிடம் இதை மட்டும் முடித்துத் தரச் சொல்லுங்கள்.

வண்டியில் பொருத்துதல்

சக்கரங்களுக்கு அடைகொடுத்து, பின்பக்கத்தை ஜாக் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சட்டத்தைத் தூக்கி வைத்து, தகட்டுத் துளைகளின் வழியாகவே ஐ பீமின் நடுச்சுவரில் துளையிடுங்கள். வளைவின் அழுத்தம் மேல், கீழ் பட்டைகளில்தான் மிகுதி என்பதால் அவற்றில் துளையிடவோ, அவற்றுக்குக் குறுக்காக வெல்டு செய்யவோ கூடாது. துளையிடுவதற்கு முன் சுவரின் மறுபக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். மின்கம்பிகளும் புரொப்பேன் குழாயும் அங்கேதான் ஒளிந்து ஓடும்.

நேராக வண்டியிலேயே வெல்டு செய்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. செய்யலாம், ஆனால் இலேசான டிரெய்லர்களில் நடுச்சுவர் 1/8 அங்குலம் அளவே இருப்பதால், புதியவர் கையில் அது ஓட்டையாகிவிடும். தவிர, பேட்டரியின் இரு முனைகளையும் கழற்ற வேண்டும், எரிவாயு உருளைகளை அகற்ற வேண்டும், எர்த் கிளாம்பை வெல்டுக்கு அருகிலேயே போட வேண்டும். இல்லையேல் மின்னோட்டம் சக்கரத்தின் பேரிங் வழியாகப் போய் அதைக் கெடுக்கும். சட்டகத்துக்கு மேலேயே மரத்தளமும் கீழே பிளாஸ்டிக் அடிப்பலகையும் இருப்பதால், வேலை முடிந்தும் ஒரு மணி நேரம் தீயணைப்பானோடு காவல் இருக்க வேண்டும்.

போல்ட்டுகளை 75 அடி-பவுண்டு அளவுக்கு இறுக்கி, வெல்டுகளுக்கு ப்ரைமரும் பெயிண்டும் அடியுங்கள். முடிந்தால் வெளிர் நிறம் அடியுங்கள். முதல் 100 கிலோமீட்டருக்குப் பிறகு போல்ட்டுகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள். ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் டார்ச் விளக்கோடு குனிந்து, ரிசீவர் வெல்டின் ஓரத்தைக் கவனியுங்கள். அங்கே பெயிண்டின் மேல் மயிரிழை அளவில் பழுப்பு நிறத் துருக்கோடு தெரிந்தால் அது விரிசல். சைக்கிள்களை அன்று வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்புங்கள்.