விக்கிப்பீடியாவில் எழுதத் தொடங்குவது எப்படி? சான்று முதலில், வாக்கியம் அப்புறம்

தமிழ் விக்கிப்பீடியா 2003 முதல் தன்னார்வலர்களின் உழைப்பில் வளர்ந்து வருகிறது. புதிதாக வருகிறவர்கள் பலர் முதலில் எழுதிவிட்டு, பிறகு சான்று தேடுகிறார்கள். அதை மாற்றிச் செய்யுங்கள், பாதிச் சிக்கல் வராது.

படி 1: கணக்கு தொடங்குங்கள். பயனர் பெயராக நிறுவனப் பெயர் வேண்டாம். மின்னஞ்சலையும் சேர்த்துவிடுங்கள், கடவுச்சொல் மறந்தால் உதவும்.

படி 2: மணல்தொட்டியில், அதாவது எழுதிப் பழகுவதற்கென்றே உள்ள பக்கத்தில், பழகுங்கள். தடித்த எழுத்து, உள்ளிணைப்பு (இன்னொரு விக்கிப்பீடியா கட்டுரைக்கு இணைப்பு), மேற்கோள் (சான்றைக் குறிப்பிடுவது) இந்த மூன்றும் வந்தால் போதும்.

படி 3: ஏற்கெனவே உள்ள கட்டுரை ஒன்றை எடுங்கள். முதல் நாளே புதுக் கட்டுரை தொடங்க வேண்டாம் என்பேன். சான்றில்லாத ஒரு வாக்கியத்துக்குச் சான்று சேர்ப்பதே நல்ல தொடக்கம். உங்களைப் பற்றியோ, குடும்பத்தாரைப் பற்றியோ, வேலை செய்யும் இடத்தைப் பற்றியோ எழுதாதீர்கள். எவ்வளவு நேர்மையாக எழுதினாலும் அங்கே சாய்வு வந்துவிடும்.

படி 4: சான்றைப் படியுங்கள். இங்கேதான் அதிக நேரம் செலவாக வேண்டும். பதிப்பிக்கப்பட்ட நூல், ஆய்விதழ், நம்பகமான நாளிதழ் ஆகியவை ஏற்கப்படும். வாட்சப்பில் வந்தது, முகநூல் பதிவு, இன்னொரு விக்கிப்பீடியா கட்டுரை ஆகியவை சான்றாகா. ஆங்கிலக் கட்டுரையை மொழிபெயர்த்தாலும், அதிலுள்ள மேற்கோள்களைத் திறந்து பாருங்கள். சொல்லப்பட்டது அங்கே இல்லாமலும் இருக்கலாம். நூல் என்றால் பக்க எண்ணையும் கொடுங்கள். அடுத்து வருபவர் சரிபார்க்க அது வேண்டும்.

படி 5: மூலத்தை மூடிவைத்துவிட்டு, உங்கள் நடையில் எழுதுங்கள். நாலு சொல்லை மாற்றிப் போடுவதும் நகல்தான். விக்கிப்பீடியா உரையை யாரும், வணிகத்துக்கும்கூட, உரிமத்துக்கு உட்பட்டுப் பயன்படுத்தலாம். அதனால் பிறர் பதிப்புரிமை கொண்ட உரை உள்ளே வரக்கூடாது.

புகழ்ச்சியும் வேண்டாம். ‘மேரி கியூரி ஈடு இணையற்ற அறிவியலாளர்’ என்பதை நீக்கிவிட்டு, ‘1903இல் இயற்பியலுக்கும் 1911இல் வேதியியலுக்கும் நோபல் பரிசு பெற்றார்’ என்று எழுதிப் பாருங்கள். இரண்டாவதுதான் வலுவாக நிற்கிறது. கருத்து வேறுபாடு உள்ள இடங்களில் எது யாருடைய கருத்து என்று பெயரோடு சொல்லுங்கள்.

படி 6: முன்தோற்றம் பாருங்கள். என்ன மாற்றினீர்கள் என்று தொகுப்புச் சுருக்கத்தில் ஒரு வரி எழுதி வெளியிடுங்கள்.

உங்கள் திருத்தத்தை யாராவது மீளமைத்தால் (நீக்கிப் பழையபடி ஆக்கினால்) பதறாதீர்கள், உடனே திரும்பவும் மாற்றாதீர்கள். பக்க வரலாற்றில் பெரும்பாலும் காரணம் இருக்கும். சரி, உடன்பாடு இல்லையா? கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் சான்றோடு கேளுங்கள், முடிவில் நான்கு அலைக்குறி (~~~~) இட்டால் கையொப்பம் தானாக விழும். பொதுவான ஐயங்களுக்கு ஒத்தாசைப் பக்கம் இருக்கிறது, அங்கே கேட்கத் தயங்க வேண்டாம்.