இமை மூடும் நேரமும் உண்டு: தீவிர ஆட்டிசம் உள்ள குழந்தையின் பாதுகாப்பில் நேரும் தவறுகள்

வீடு நிறைய ஆட்கள் இருக்கும் நாளில் குழந்தைக்கு ஆபத்து குறைவு என்று நினைப்பது பலரும் செய்யும் தவறு. விருந்தினர் விடைபெறும்போது எல்லோரும் வாசலில் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். குழந்தை அம்மாவிடம் இருப்பதாக அப்பாவும், பாட்டியிடம் இருப்பதாக அம்மாவும் எண்ணிக்கொண்டிருக்க, திறந்து கிடக்கும் பின்கதவு வழியாக அது சத்தமில்லாமல் வெளியேறியிருக்கும். இத்தகைய நாட்களில் யார் பொறுப்பு என்பதை வாய்விட்டுச் சொல்லிக் கைமாற்ற வேண்டும். "இப்போதிலிருந்து அரை மணி நேரம் நீ பார்த்துக்கொள்" என்று ஒருவர் சொல்ல, "சரி, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று மற்றவர் பதில் சொன்ன பிறகே முதலாமவர் நகரலாம்.

கண்ணை இமை காப்பதுபோலக் காக்கிறோம் என்று சொல்லும் பெற்றோருக்கும் இமை மூடும் நேரம் உண்டு. பேச்சு மிகக் குறைவாகவோ அறவே இல்லாமலோ இருந்து, நாள் முழுவதும் பெரியவர் ஒருவரின் துணை தேவைப்படும் குழந்தையைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம். லான்செட் மருத்துவ இதழ் அமைத்த குழு 2021-இல் இந்த நிலைக்குத் 'தீவிர ஆட்டிசம்' (profound autism) என்ற தனிப்பெயரைப் பரிந்துரைத்தது. லேசான ஆட்டிசத்துக்கென எழுதப்படும் ஆலோசனைகள் இந்தக் குழந்தைகளுக்குப் போதாமல் போவதே அதற்குக் காரணம். இந்தக் குடும்பங்களில் நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை அன்புக் குறைவால் வருவதில்லை. எல்லாவற்றையும் ஒரே ஒருவரின் விழிப்பில் தொங்கவிடுவதால் வருகின்றன.

வெளியேறிச் செல்வதை அரிய சம்பவமாக நினைப்பது அடுத்த தவறு. 2012-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் நான்கு வயதுக்குப் பிறகு ஒரு முறையாவது பெரியவரின் பார்வையிலிருந்து விலகிச் செல்ல முயன்றிருந்தது தெரியவந்தது. அங்கேயே 2017-இல் வெளியான மற்றோர் ஆய்வு, 14 வயது வரையிலான குழந்தைகளில், நீரில் மூழ்கி இறக்கும் வாய்ப்பு ஆட்டிசம் உள்ளவர்களுக்குப் பொதுவான குழந்தைகளைக் காட்டிலும் சுமார் 160 மடங்கு என்று கணக்கிட்டது. ஆகவே குழந்தையைக் காணோம் என்றதும் கட்டிலுக்கு அடியிலும் அலமாரிக்குள்ளும் தேடுவதில் முதல் நிமிடங்களைச் செலவிடக்கூடாது. அருகில் கிணறு, குளம், தொட்டி, நீச்சல்குளம் எது இருந்தாலும் ஒருவர் நேராக அங்கே ஓட வேண்டும், இன்னொருவர் அதே நேரத்தில் காவல்துறையை அழைக்க வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத குழந்தை, தேடுபவர் பத்தடி தூரத்தில் கூவினாலும் பேசாமல் உட்கார்ந்திருக்கும். நீந்தக் கற்றுக்கொடுப்பது நல்லது, ஆடையோடு மிதக்கப் பழக்குவது இன்னும் நல்லது. ஆனால் நீச்சல் தெரியும் என்பதற்காகத் தண்ணீர் அருகே கண்காணிப்பைக் குறைக்க முடியாது.

தேடுவோருக்கான தாள் ஒன்றை முன்கூட்டியே எழுதி வைக்காமல் இருப்பதும் இதோடு சேர்ந்த தவறு. அண்மையில் எடுத்த புகைப்படம், உயரம், பேச்சு வராது என்ற குறிப்பு, எதைப் பார்த்தால் மெய்மறந்து நிற்பான், எந்தச் சத்தத்துக்குப் பயந்து ஓடுவான், தொட்டால் கடிப்பானா என்பவை ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். அதன் நகல் அக்கம்பக்கத்தாரிடமும் உள்ளூர்க் காவல் நிலையத்திலும் இருந்தால் நல்லது. தொலைபேசி எண் பொறித்த அட்டையைக் கழுத்தில் மாட்டினால் பல குழந்தைகள் பிய்த்தெறிந்துவிடுவார்கள். சட்டையின் உட்புறத்தில் தைத்துவிடுவது நிலைக்கும்.

பூட்டு விஷயத்தில் இரு பக்கமும் தவறு நடக்கிறது. எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போட்டுவிட்டு நிம்மதியாகிவிடுகிறோம். குழந்தை நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறக் கற்றுக்கொள்ளும் நாள் வரைதான் அந்த நிம்மதி. மறுபுறம், சாவி இல்லாமல் திறக்கவே முடியாதபடி எல்லாக் கதவுகளையும் பூட்டிவிட்டால், தீ விபத்து நேரும் இரவில் முழுக் குடும்பமும் உள்ளே மாட்டிக்கொள்ளும். கதவு திறந்தால் ஒலிக்கும் அலாரம் மலிவானது, பூட்டைவிட நேர்மையானதும்கூட. பூட்டு தோற்றுப்போனால் சொல்லாது, அலாரம் சொல்லும். எதைத் தேடி வெளியே போகிறான் என்று கவனிப்பதும் முக்கியம். தண்ணீர் கொட்டுவதைப் பார்க்கத்தான் போகிறான் என்றால், தினமும் ஒரு பெரியவரோடு அதைப் பார்க்க ஒரு நேரம் ஒதுக்கலாம்.

வீட்டுக்குள், உணவல்லாதவற்றை வாயில் போடும் பழக்கம் உள்ள குழந்தைக்குப் பொத்தான் வடிவ பேட்டரியும் சிறு காந்தங்களும் மிகவும் ஆபத்தானவை. விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எனக்கு மிகவும் வேதனை தரும் தவறு வேறொன்று: குழந்தையின் எந்த மாற்றத்தையும் "ஆட்டிசம் என்றால் அப்படித்தான்" என்று ஒதுக்கிவிடுவது. பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் திடீரென்று தன் வலது தாடையில் ஓங்கி ஓங்கி அறைந்துகொள்ளத் தொடங்கினான். கையில் உறை மாட்டினார்கள், நடத்தைப் பயிற்சியின் நேரத்தைக் கூட்டினார்கள், மருந்தின் அளவை உயர்த்துவது பற்றிப் பேசினார்கள். மூன்றாவது வாரத்தில்தான் ஒருவர் அவன் வாயைத் திறந்து பார்த்தார். கடைவாய்ப் பல்லின் அடியில் சீழ் கட்டியிருந்தது. பேச முடியாத குழந்தையிடம் புதிதாகத் தோன்றும் தற்காயம் (தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது), தூக்கமின்மை, ஆவேசம் ஆகியவற்றுக்கு முதலில் தேட வேண்டிய காரணம் வலி. பல், காது, மலச்சிக்கல், நெஞ்செரிச்சல், பெண் குழந்தையானால் மாதவிடாய் வலி என்று ஒவ்வொன்றாகப் பார்க்கும்படி மருத்துவரைக் கேளுங்கள். இவர்களில் பலருக்கு வலிப்பு நோயும் சேர்ந்து வருவதால், சில நொடிகள் வெறித்துப் பார்த்து உறைந்து நிற்பது திரும்பத் திரும்ப நடந்தால் கைபேசியில் படம் பிடித்து நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

உடல்நலக் காரணம் இல்லை என்றான பிறகு, நடந்ததை எழுதிவைக்காமல் நினைவை நம்புவது அடுத்த சறுக்கல். குழந்தை அடிப்பதற்குச் சற்று முன் என்ன நடந்தது, பிறகு அவனுக்கு என்ன கிடைத்தது அல்லது எதிலிருந்து தப்பித்தான் என்று இரண்டு வாரம் எழுதினால், பெரும்பாலும் ஒரு வடிவம் புலப்படும். நான்கு முறை மறுத்துவிட்டு, ஐந்தாவது முறை அறைந்ததும் கைபேசியைக் கொடுத்துவிடுவது, ஐந்து முறை அறைய வேண்டும் என்பதைக் கற்றுக்கொடுக்கும் வேலை. நான் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை; இரவு இரண்டு மணிக்கு யாராயிருந்தாலும் கொடுத்துவிடுவார்கள். அதனால்தான் கேட்பதற்கு வேறொரு வழியை, ஒரு படத்தையோ சைகையையோ, அமைதியான நேரத்தில் பழக்க வேண்டும். படங்களும் டேப்லெட்டும் பழகினால் பேச்சு வராமலே போய்விடும் என்ற அச்சத்துக்கு ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. அதே சமயம், வேறொருவர் குழந்தையின் கையையோ முழங்கையையோ பிடித்துக்கொண்டு எழுத்துகளைத் தொடச் செய்யும் முறையை நம்பிவிடாதீர்கள். அங்கே வெளிவருவது உதவுபவரின் சொற்களே என்று சோதனைகள் காட்டியதால், அமெரிக்கப் பேச்சு, மொழி, செவித்திறன் வல்லுநர் சங்கம் 2018-இல் அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அறிவித்தது.

கொந்தளிப்பு உச்சத்தில் இருக்கும்போது அறிவுரை சொல்வது வீண். மற்றக் குழந்தைகளை வெளியேற்றி, உடையக்கூடிய பொருள்களை அகற்றி, விளக்கையும் பேச்சையும் குறைத்து, தலைக்கும் சுவருக்கும் நடுவே தலையணையை வைத்துக் காத்திருப்பதே செய்யக்கூடியது. குப்புறக் கிடத்தி முதுகின் மேல் அமுக்குவது மட்டும் எந்தச் சூழலிலும் கூடாது; மூச்சுத் திணறி உயிர் போகும். பள்ளியிலும் பராமரிப்பு மையத்திலும் இந்தக் கேள்வியை நேராகக் கேளுங்கள்: "குழந்தை அடித்தால் என்ன செய்வீர்கள்?" மழுப்பும் பதில் வந்தால் அந்த இடம் வேண்டாம்.

குணப்படுத்திவிடுவதாகச் சொல்பவரிடம் போவது பணத்தோடு முடிவதில்லை. உடலிலிருந்து உலோகங்களை அகற்றும் மருந்தைச் செலுத்தியதில் 2005-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். அற்புத மருந்து என்ற பெயரில் விற்கப்படும் குளோரின் டை ஆக்சைடு உண்மையில் பொருள்களை வெளுக்கப் பயன்படும் ரசாயனம் (பிளீச்). மனநல மருந்துகளான ரிஸ்பெரிடோன் 2006-இலும் அரிபிப்ரசோல் 2009-இலும் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஒப்புதலைப் பெற்றது ஆட்டிசத்துடன் வரும் கடும் எரிச்சலுக்காகத்தான். ஆட்டிசத்தையே மாற்றுவதற்காக அல்ல. எடை கூடுவது போன்ற விளைவுகளைக் கண்காணிக்க வேண்டும், திடீரென்று நிறுத்தக்கூடாது.

உதவி கேட்கும்போது பெற்றோர் செய்யும் தவறு, நல்ல நாளைப் பற்றிப் பேசுவது. மதிப்பீடு செய்ய வருபவரிடம் பிள்ளையை விட்டுக்கொடுக்க மனம் வராமல் "பரவாயில்லை, சமாளிக்கிறோம்" என்கிறோம். அவரும் அப்படியே எழுதிக்கொண்டு போகிறார். சென்ற மாதம் எத்தனை இரவு தூங்கவில்லை, எத்தனை முறை கதவு வரை போனான், குளிப்பாட்ட எத்தனை பேர் தேவைப்பட்டார்கள் என்று எண்ணிக்கையோடு சொல்லுங்கள். உறவினரிடமும் "கொஞ்சம் உதவி செய்யுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் அனுதாபம்தான் கிடைக்கும். "செவ்வாய்க்கிழமை மாலை நான்கு முதல் ஐந்து வரை எங்கள் வீட்டில் இருக்க முடியுமா" என்றால் ஒருவராவது சரி என்பார். அந்த இடத்தை உடன்பிறந்த சிறு குழந்தையைக் கொண்டு நிரப்பிவிடாதீர்கள்.

யார் சொன்னாலும் கீழ்ப்படியப் பழக்குவதும், வயது ஏறிய பிறகும் யார் வேண்டுமானாலும் உடைமாற்றிவிடலாம் என்று விடுவதும் வன்கொடுமைக்குக் கதவைத் திறந்துவைக்கின்றன. மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகள் வன்முறைக்கு ஆளாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்றரை மடங்குக்கும் மேல் என்று 2012-இல் லான்செட்டில் வந்த தொகுப்பாய்வு கண்டது. அந்தரங்கப் பணிகளைச் செய்பவர்கள் இருவர் அல்லது மூவர்தான் என்று பெயர் சொல்லி வரையறுத்து, வேண்டாம் என்று தலையசைக்கவோ கையைத் தள்ளவோ குழந்தைக்கு உரிமை கொடுங்கள். ஐந்து வயதில் அழகாகத் தெரியும் கட்டிப்பிடித்தல் பதினைந்து வயதில், தந்தையின் உயரம் வந்த பிறகு, எப்படிப் பார்க்கப்படும் என்பதையும் இப்போதே யோசிக்க வேண்டும்.

இரண்டாவது ஆள் ஒருவரைத் தயார் செய்வதைத் தள்ளிப்போடாதீர்கள். மருந்து நேரம், உறங்க வைக்கும் முறை, பயம் தரும் சத்தங்கள், மருத்துவரின் எண் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி அவர் கையில் கொடுத்துவிட்டு, நீங்கள் ஒரு மணி நேரம் வீட்டைவிட்டு வெளியே போங்கள். திரும்பி வந்ததும் எது புரியவில்லை, எந்த இடத்தில் திணறினார் என்று கேட்டு, விட்டுப்போனதை அந்த நோட்டில் அன்றே சேர்த்துவிட்டு, அடுத்த வாரம் இரண்டு மணி நேரம் போங்கள்.