டீ.எஸ்.எல்.ஆரா, பொக்கெட் கெமராவா: மலையகத்தில் வாங்குபவர்கள் விடும் தவறுகள்

போன மாசி பிறந்ததும் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு தம்பி என்னைத் தேடி ஹட்டனுக்கு வந்தார். சீட்டு எடுத்த காசு கையில் இருந்தது. "அண்ணே, டீ.எஸ்.எல்.ஆர் எடுக்கவா, பொக்கெட்டுல போடுற சின்னக் கெமரா எடுக்கவா?" என்று கேட்டார். டீ.எஸ்.எல்.ஆர் என்பது லென்ஸைக் கழற்றி மாட்டக்கூடிய பெரிய கெமரா.

"எதைப் படம் பிடிக்கப் போறீங்க தம்பி? எத்தனை மணிக்கு?" என்றேன்.

கொஞ்சம் யோசித்தார். "காமன் கூத்து அண்ணே, ராவுல. அப்புறம் வீட்டு ஆட்களை."

அந்தப் பதிலிலேயே பாதி முடிவு இருந்தது. கெமரா வாங்கப் போகிற பலர் அதன் பருமனையும் பெயரையும் விலையையும் பார்க்கிறார்கள். அது எந்த வெளிச்சத்தில் வேலை செய்யப் போகிறது, எந்த ஈரத்தில் கிடக்கப் போகிறது, எந்த வழியில் தூக்கிப் போகப்படும் என்று பார்ப்பதில்லை. நம் மலைகளில் கெமராவைச் சோதிப்பது இந்த மூன்றும்தான். பதினைந்து வருடமாகத் திருவிழாவும் சடங்கும் கல்யாணமும் எடுத்து வருகிறேன். கண்ணில் அடிக்கடி படுகிற தவறுகளைச் சொல்கிறேன்.

பருமனைப் பார்த்து முடிவெடுப்பது

கழுத்தில் தொங்கும் கறுப்புக் கெமராவுக்கு நம் ஊரில் தனி மதிப்பு. கூட்டத்தில் வழிவிடுவார்கள். ஆனால் படத்தின் தரம் உள்ளே வெளிச்சத்தை வாங்கிப் படமாக்கும் தகடான சென்சரின் பரப்பிலும், லென்ஸின் வாய் எவ்வளவு திறக்கிறது என்பதிலும்தான் இருக்கிறது. கூரை ஒழுகும்போது கீழே வைக்கும் பாத்திரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வாய் அகன்ற தாச்சியில் நிறையத் தண்ணீர் சேரும், டம்ளரில் கொஞ்சம்தான் சேரும். சென்சரில் வெளிச்சம் சேருவதும் அப்படித்தான்.

மலிவான பொக்கெட் கெமராக்களில் பெரும்பாலும் இருப்பது 1/2.3 அங்குலம் என்று பெயர் சொல்லப்படும் சென்சர். அதன் உண்மையான அளவு சுமார் 6.2க்கு 4.6 மி.மீ., பரப்பு 28 சதுர மி.மீ. சோனி ஆர்எக்ஸ்100, கெனன் ஜி7எக்ஸ் போன்றவற்றில் 'ஒரு அங்குல' சென்சர் இருக்கிறது. அது 13.2க்கு 8.8 மி.மீ., பரப்பு 116. கெனனின் ஆரம்பநிலை டீ.எஸ்.எல்.ஆரில் 22.3க்கு 14.9 மி.மீ., பரப்பு 332. நிக்கோனில் இன்னும் சற்றுப் பெரிது.

பொக்கெட் கெமரா என்ற ஒரே பெயருக்குள் நான்கு மடங்கு வித்தியாசம் இருக்கிறது, பாருங்கள். இரண்டையும் ஒன்றாக வைத்து "சின்னக் கெமரா சரிவராது" என்று ஒதுக்குவதும் தவறு, "சின்னதே போதும்" என்று எதையாவது எடுப்பதும் தவறு. 28 சதுர மி.மீ. சென்சர் உள்ளதை இன்று காசு கொடுத்து வாங்க வேண்டாம் என்பேன். உங்கள் கையில் இருக்கும் போனிலேயே அதைவிடப் பெரிய சென்சர் இருக்கக்கூடும்.

லென்ஸை மறந்துவிடுவது

இதுதான் அதிகம் பேர் விழும் குழி. டீ.எஸ்.எல்.ஆரோடு பெட்டியில் வரும் 18-55 மி.மீ. லென்ஸின் வாய், காட்சியை அகலமாகக் காட்டும் 18 பக்கத்தில் எஃப் 3.5 வரைதான் திறக்கும், கிட்டே இழுத்தால் 5.6க்குச் சுருங்கிவிடும். ஆர்எக்ஸ்100 (முதல் மாதிரியைச் சொல்கிறேன்) அகலப் பக்கத்தில் எஃப் 1.8 வரை திறக்கும். எஃப் எண் சிறிதானால் வாய் பெரிது. 3.5க்கும் 1.8க்கும் இடையில் வெளிச்சத்தில் ஏறத்தாழ நான்கு மடங்கு வித்தியாசம். டீ.எஸ்.எல்.ஆரின் சென்சர் கிட்டத்தட்ட மூன்று மடங்கு பெரிதுதான், ஆனால் லென்ஸ் நான்கு மடங்கு வெளிச்சத்தை இழக்கிறது. ஆக, பெட்டி லென்ஸோடு மட்டும் இருக்கும் டீ.எஸ்.எல்.ஆர், இரவில் அகலப் பக்கத்தில் நல்ல பொக்கெட் கெமராவை வெல்லாது. சமமாக நின்றாலே பெரிது.

அதே டீ.எஸ்.எல்.ஆரில் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்றைப் பூட்டினால் கதை மாறும். இப்போது மூன்று மடங்கு பெரிய சென்சர், அதே அகன்ற வாய். காமன் கூத்தில் தீப்பந்த வெளிச்சத்தில் ரதியும் மன்மதனும் ஆடும்போது ஷட்டரை 1/250 விநாடியில் வைத்து, தப்பு அடிக்கிறவரின் கை கலங்காமல் எடுக்கலாம். பழைய பொக்கெட் கெமராக்கள் இருட்டில் போகஸ் தேடிக்கொண்டே இருக்கும். பொத்தானை அழுத்தி, படம் விழுவதற்குள் ஆட்டக்காரர் அடுத்த அடிக்குப் போய்விடுவார்.

அதனால் என் கணக்கு இது: இரண்டாவது லென்ஸ் வாங்கவே போவதில்லை என்றால் டீ.எஸ்.எல்.ஆர் எடுக்காதீர்கள். கழற்றி மாட்டுவதற்காகச் செய்த கெமரா அது. பெட்டி லென்ஸைக் கழற்றாமலே ஐந்து வருடம் சுமந்த பலரை எனக்குத் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. 50 மி.மீ. லென்ஸ் வீட்டுக்குள் ஒத்துவராது. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்து அறையில் சுவரோடு ஒட்டி நின்றாலும், மூன்று மீற்றர் தூரத்தில் அது காட்டுவது ஏறத்தாழ 1.3 மீற்றர் அகலம் மட்டுமே. அம்மாவும் அப்பாவும் தெரிவார்கள், பக்கத்தில் நிற்கும் தங்கச்சி வெட்டுப்படுவாள். அதே இடத்தில் 18 மி.மீ. மூன்றரை மீற்றருக்கு மேல் காட்டும். வீட்டு ஆட்களுக்குப் பெட்டி லென்ஸ், கூத்துக்கு 50 என்று இரண்டும் வேண்டும்.

நிக்கோன் எடுப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். டி3400, டி3500 போன்ற ஆரம்பநிலை உடல்களில் போகஸ் மோட்டர் கிடையாது. பழைய ஏஎஃப்-டி வகை லென்ஸ் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கினால் கையால்தான் போகஸ் பண்ண வேண்டும். லென்ஸில் ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று எழுதியிருக்க வேண்டும். கெனனில் இந்தச் சிக்கல் இல்லை. அதன் ஈஎஃப் லென்ஸ்களில் மோட்டர் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது.

மெகாபிக்சலும் சூமும்

மெகாபிக்சலுக்கு அதிக நேரம் வேண்டாம். 4க்கு 6 அங்குலப் படத்துக்கு 2 மெகாபிக்சலும், 8க்கு 10க்கு 7 மெகாபிக்சலும் போதும். சுவரில் மாட்டும் 12க்கு 18 கூட 20க்குள் அடங்கிவிடும்.

சூம் அப்படியல்ல, அதில் ஆட்கள் நிஜமாகவே ஏமாறுகிறார்கள். 40 மடங்கு சூம் என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும். அவ்வளவு நீளமான லென்ஸ் பொக்கெட்டில் அடங்க வேண்டுமானால் சென்சர் அந்த 28 சதுர மி.மீ. ஆகத்தான் இருக்க முடியும். கெனன் எஸ்எக்ஸ்740 தூரப் பக்கத்தில் எஃப் 6.9க்குச் சுருங்குகிறது. நல்ல வெயிலில் பறவைக்கு அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் ஹோர்ட்டன் சமவெளியில் விடியற்காலையில் மரை மேயும் நேரம் வெயில் இருக்காது, பனிமூட்டம்தான் இருக்கும். உங்களுக்கும் மரைக்கும் நடுவில் எவ்வளவு பனி நிற்கிறதோ அவ்வளவையும் சூம் சேர்த்தே இழுத்துக் கொண்டுவரும். சாம்பல் நிறத்தில் ஒரு உருவம், அவ்வளவுதான் மிஞ்சும். டிஜிட்டல் சூம் என்று தனியாக ஒரு எண் போட்டிருந்தால் அதைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். எடுத்த படத்தை வெட்டிப் பெரிதாக்குவதும் அதுவும் ஒன்றுதான்.

பனியைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். கெமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். வெள்ளைப் பனியை அழுக்காக்கிவிடும். கூட்டல்-கழித்தல் குறி போட்ட பொத்தானை அமர்த்தி +1 வைத்தால் பனி வெள்ளையாகும். அந்தப் பொத்தான் கைக்கு எட்டுகிறதா, மெனுவுக்குள் ஒளிந்திருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். இங்கே தினமும் அது வேண்டும்.

ஈரத்தைக் கணக்கில் எடுக்காதது

என் முதல் டீ.எஸ்.எல்.ஆரைத் தென்மேல் பருவமழை மாதங்களில் தோல் பையோடு அலுமாரிக்குள் வைத்திருந்தேன். ஆனியில் வைத்து ஆவணியில் எடுத்தேன். பார்வைக்கு ஒன்றும் தெரியவில்லை. டோர்ச் அடித்து லென்ஸுக்குள் பார்த்தபோது ஓரத்தில் வெள்ளை நூல் பிரிந்தது போலப் படர்ந்திருந்தது. கடைக்காரர்கள் பங்கஸ் என்பார்கள், பூஞ்சணம்தான். ஆரம்பத்தில் துடைக்கலாம். விட்டுவிட்டால் கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிடும், பிறகு துடைத்தாலும் தழும்பு போகாது. அந்த லென்ஸில் வெயிலுக்கு எதிராக எடுத்த படம் எல்லாம் பால் ஊற்றியது போல வெளிறியது.

வைத்த இடம்தான் பிழை. தோலும் துணியும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அலுமாரியில் இருட்டும் சேரும். பூஞ்சணத்துக்கு வேறென்ன வேண்டும். இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றும், நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லும், சின்ன ஈரப்பதமானி ஒன்றும் வாங்குங்கள். முள் 40க்கும் 50க்கும் இடையில் நிற்கட்டும். ஜெல் நிறம் மாறினால் புதிது போடுங்கள். அரிசிக்குள் புதைத்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். அரிசித் தூள்தான் உள்ளே போகும்.

இந்த விஷயத்தில் இரண்டு வகைக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. டீ.எஸ்.எல்.ஆரில் லென்ஸ் கெட்டால் லென்ஸை மாற்றலாம், உடல் தப்பும். பொக்கெட் கெமராவின் லென்ஸ் உடலோடு சேர்ந்தது. ஒவ்வொரு முறை நீட்டும்போதும் ஈரக்காற்றையும் தூசியையும் உள்ளே இழுக்கும். உள்ளே பூஞ்சணம் பிடித்தால் பழுதுபார்க்கும் செலவு கெமராவின் விலையை நெருங்கிவிடும். அதே நேரம், தூறலில் நின்று டீ.எஸ்.எல்.ஆரின் லென்ஸை மாற்றினால் சென்சருக்கே ஈரம் போகும். லென்ஸைக் கோவில் மண்டபத்துக்குள்ளோ பஸ்ஸுக்குள்ளோ வந்து மாற்றுங்கள்.

குளிரில் இருந்து சூடான இடத்துக்கு வரும்போது கண்ணாடி வியர்க்கும். நுவரெலியாவில் தை மாதக் காலையில் எடுத்துவிட்டு அடுப்பெரியும் குசினிக்குள் அப்படியே கொண்டுபோகாதீர்கள். வெளியிலேயே பொலித்தீன் பையில் போட்டுக் கட்டிவிட்டு உள்ளே வாருங்கள். வியர்வை பைக்கு வெளியே படியும். அரை மணி, ஒரு மணி நேரம் கழித்துத் திறக்கலாம்.

வழியை மறப்பது

நிக்கோன் டி3500 பெட்டரியோடும் பெட்டி லென்ஸோடும் 600 கிராமுக்கு மேல். ஆர்எக்ஸ்100 வெறும் 240. கல்யாண வீட்டில் இந்த வித்தியாசம் தெரியாது. நல்லதண்ணியில் இருந்து சிவனொளிபாத மலைக்கு இரவில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படி ஏறும்போது, ஒரு கையில் சுவெட்டர், ஒரு கையில் பிள்ளை என்றால் நன்றாகத் தெரியும். பாதி வழியில் பைக்குள் போன கெமரா சூரிய உதயத்துக்கும் வெளியே வராது.

ஆனால் பெட்டரியில் டீ.எஸ்.எல்.ஆர்தான் ராஜா. டி3500 ஒரு சார்ஜில் 1,550 படம் என்று நிக்கோன் குறிப்பிடுகிறது, ஆர்எக்ஸ்100க்கு 330. குளிரில் இரண்டும் குறையும். ஆர்எக்ஸ்100ஐப் பவர் பேங்கில் சார்ஜ் பண்ணலாம், டி3500க்குச் சுவர் பிளக் வேண்டும். மின்சாரம் அடிக்கடி போகும் தோட்டத்தில் இருப்பவர்கள் இதையும் யோசியுங்கள்.

இன்னொன்று, என் மனதுக்கு முக்கியமானது. மலையில் கொழுந்து எடுக்கும் நம் அம்மாமார் யாரோ வந்து பெரிய கெமராவை நீட்டிச் சிரிக்கச் சொல்வதைப் பார்த்துச் சலித்தவர்கள். கேட்டுவிட்டு, சின்னக் கெமராவோடு பக்கத்தில் நின்றால் கொஞ்ச நேரத்தில் மறந்துவிடுவார்கள், பேச்சும் சிரிப்பும் திரும்பி வரும். மடுவத்தில் கொழுந்து நிறுக்கும் நேரத்து முகத்தை எனக்கு ஒருபோதும் டீ.எஸ்.எல்.ஆரில் எடுக்க முடிந்ததில்லை. என்னிடம் உள்ள அந்தப் படங்கள் எல்லாம் சின்னதில் எடுத்தவை.

பார்க்காமல் பழையது வாங்குவது

ஆரம்பநிலை டீ.எஸ்.எல்.ஆர்களின் கடைசி வரிசை 2018க்கும் 2020க்கும் இடையில் வந்தது. அதன்பின் கம்பனிகள் உள்ளே முகம்பார்க்கும் கண்ணாடி வைக்காத 'மிரர்லெஸ்' கெமராக்கள் பக்கம் போய்விட்டன. ஆகவே இன்று கைக்கு வருவது பெரும்பாலும் ஒருவர் பாவித்ததுதான். அதில் தவறில்லை, பார்க்கத் தெரிந்தால். போகும்போது சின்ன டோர்ச் ஒன்றும் உங்கள் மெமரி கார்டும் கொண்டுபோங்கள்.

அந்தத் தம்பியோடு நானும் போனேன். முதலில் பார்த்த கெமரா வெளியில் புதிது போலப் பளபளத்தது. லென்ஸைக் கழற்றி, பின்பக்கமாக டோர்ச் அடித்தேன். நூல் படர்ந்திருந்தது. "அது படத்துல விழாது" என்றார் விற்பவர். மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

பத்து நாள் கழித்துப் பண்டாரவளையில் ஒரு கெனன் 1300டி கிடைத்தது. கைப்பிடி ரப்பர் தேய்ந்திருந்தது, கண்ணாடி சுத்தம். எஃப் 16 வைத்து வானத்தைப் படம் பிடித்து, திரையில் பெரிதாக்கிப் பார்த்தோம். இரண்டு கரும்புள்ளிகள், சென்சரில் தூசி. ரப்பர் பம்பால் ஊதினோம், அடுத்த படத்தில் இல்லை. பொக்கெட் கெமரா என்றால் பத்துத் தடவை போட்டு அணைத்து, லென்ஸ் நேராக நீண்டு சத்தமில்லாமல் உள்ளே போகிறதா என்று கேட்டிருப்பேன். மிச்சக் காசில் 50 மி.மீ. லென்ஸும், மூடி இறுகும் பெட்டியும், ஜெல் பொட்டலம் நான்கும் வாங்கினார். கூத்தின் முடிவில் வரும் காமன் தகனத்துக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.