டெலூஷனோடு (ஆதாரம் காட்டினாலும் அசையாத தவறான நம்பிக்கையோடு) வாதாடாதீர்கள்: மனச்சிதைவு நோய்க்கான பேச்சு சிகிச்சையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் பயிற்சி மாணவி ஒருவர் ஒரு நோயாளியோடு செஷன் முடிந்து முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். "சார், அவர் நம்புறதெல்லாம் தப்புன்னு நெட்லயே எடுத்துக் காட்டிட்டேன். பதிலே பேசலை." எனக்கு வயிற்றைக் கலக்கியது. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நானும் இதே சிரிப்போடுதான் வெளியே வந்தேன்.

நேரத்துக்கு வாருங்கள், குறிப்பு எழுதி வையுங்கள் என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை.

ஆதாரம் காட்டி ஜெயிக்கப் பார்ப்பது

அன்று நான் பார்த்த பையனுக்கு 24 வயது. எதிர்வீட்டு மொட்டைமாடியில் இருக்கும் டிஷ், தான் நினைப்பதையெல்லாம் இழுத்து டிவியில் போட்டுவிடுகிறது என்று நம்பினான். இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு, இந்த நோய்க்கான சிபிடி-க்குக் (எண்ணத்தையும் நடத்தையையும் சேர்த்துப் பார்க்கும் பேச்சு சிகிச்சைக்குக்) குறைந்தது 16 செஷனாவது வேண்டும் என்கிறது. நான் மூன்றாவதிலேயே தீர்ப்பு எழுதக் கிளம்பினேன். வீட்டுக்காரரிடம் கேட்டு அவனை மாடிக்குக் கூட்டிப் போனேன். துருப்பிடித்த டிஷ்ஷில் மழைத்தண்ணீரும் வேப்பிலைச் சருகும் கிடந்தன. கேபிள் அறுந்து தொங்கியது. "பாருப்பா, வயரே இல்லை" என்றேன்.

ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் என் பக்கம் திரும்பி, "நாம வர்றோம்னு தெரிஞ்சு அறுத்திருக்காங்க. அவங்ககிட்ட யாரு சார் சொன்னது?" என்றான்.

அடுத்த வாரம் அவன் வரவில்லை. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவனாகிவிட்டதால் டாக்டரிடமும் போகவில்லை, மாத்திரையும் நின்றது. எட்டு மாதம் கழித்து அவன் அம்மா ஆட்டோவில் கூட்டி வந்தபோது எலும்பும் தோலுமாக இருந்தான். வீட்டுச் சாப்பாட்டில் விஷம் என்று அதையும் விட்டிருந்தான்.

இன்றுவரை என்னை அரிப்பது, நான் கேட்காமல் விட்ட ஒரே ஒரு கேள்வி: இது எப்போது ஆரம்பித்தது? சிபிடி-யின் முன்னோடியான அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் 1952-லேயே இதைச் செய்து காட்டிவிட்டார். உளவுத்துறை தன்னைக் கண்காணிக்கிறது என்று நம்பிய முன்னாள் படைவீரர் ஒருவரோடு உட்கார்ந்து, அந்த எண்ணம் வருவதற்கு முன்னால் என்னென்ன நடந்தது என்று நிதானமாகப் பின்னோக்கிப் போனார். இரண்டாவது சுற்றில் நானும் கேட்டேன். அரியர் பரீட்சை மறுபடி போயிருக்கிறது. நாலு நாள் தூக்கமில்லை. ஐந்தாம் நாள் எதிர்வீட்டில் டிவி பார்த்துச் சத்தமாகச் சிரித்திருக்கிறார்கள். இவ்வளவுதான் முடிச்சு.

பிறகு டிஷ்ஷைப் பற்றிப் பேசுவதைக் குறைத்துத் தூக்கத்தையும் பயத்தையும் பற்றிப் பேசினோம். "இன்னைக்கு எத்தனை சதவீதம் நம்புற?" என்று வாராவாரம் கேட்பேன். நூறு, எழுபதுக்கு வரவே இருபது செஷனுக்கு மேல் ஆனது. பூஜ்யத்துக்கு வரவேயில்லை. ஆனால் தனியாகக் கடைக்குப் போய்ப் பால் வாங்கி வந்தான்.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். பதில் பேசாதவர் ஒப்புக்கொண்டவர் இல்லை. உங்களிடம் சொல்வதை நிறுத்திக்கொண்டவர்.

சரி, ஆமாம் போடலாமா?

கூடாது. "இது உங்களுக்கு எவ்வளவு பயமா இருக்கும்" என்பது வேறு, "ஆமா, டிஷ் கேட்குது" என்பது வேறு.

குடும்பத்தை வெளியே பெஞ்சில் உட்கார வைப்பது

ஆய்வாளர் ஜார்ஜ் பிரவுனின் குழு 1972-இல் லண்டனில் கண்டது இது: குத்திப் பேசுவதும், வெறுப்பைக் காட்டுவதும், அளவுமீறிப் பொத்திப் பொத்தி வைப்பதும் இருக்கும் வீட்டுக்குத் திரும்புகிறவர்களுக்கு நோய் மறுபடி தலைதூக்குவது அதிகம். வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் முகத்துக்கு முகம் இருந்தால் இன்னும் மோசம். நம் வீடுகளில் 35 மணி நேரம் இரண்டு மூன்று நாளிலேயே ஆகிவிடும். "நல்லாத்தானே சாப்பிடுற, வேலைன்னா மட்டும் வலிக்குதா?" என்று கேட்கும் அப்பாவைத் திட்டிப் பயனில்லை. படுத்தே கிடப்பதும் நோய்தான் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

மாத்திரை பற்றிக் கருத்து சொல்வது

நம் வேலை இல்லை. டாக்டரிடம் அனுப்புங்கள்.

அந்த மாணவியை அன்று மாலையே அந்த நோயாளியின் வீட்டுக்குப் போன் போடச் சொன்னேன். அக்காதான் எடுத்தாராம். வெள்ளிக்கிழமை கூட்டி வரப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.