ஒரு விதி நியாயமானதா என்று ஒப்பந்த அறவியல் வழியில் சோதிப்பது எப்படி?

சம்பந்தப்பட்ட அனைவரும் ஏற்கக்கூடிய விதியே நியாயமானது என்னும் கோட்பாடே ஒப்பந்த அறவியல். முதலில் அந்த விதியை ஒரே வாக்கியத்தில் எழுதி, அதைப் படித்தவுடன் மனத்தில் எழும் தீர்ப்பையும் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். உளவியலாளர் ஜோனதன் ஹைட் 2001-இல் முன்வைத்த கருத்துப்படி, அறத்தீர்ப்பு பெரும்பாலும் உள்ளுணர்வாக முந்திக்கொள்கிறது. காரணங்கள் பிறகே தேடப்படுகின்றன. ஆகவே அக்குறிப்பை முடிவாகக் கொள்ளாமல், விசாரிக்க வேண்டிய சாட்சியமாகக் கொள்ளுங்கள்.

அடுத்ததே கடினமான பகுதி. தத்துவ அறிஞர் ஜான் ரால்ஸ் 1971-இல் விளக்கிய அறியாமைத் திரையின் பின்னே நின்று, உங்கள் செல்வம், திறமை, சமூக நிலை எதுவும் உங்களுக்குத் தெரியாது எனக் கொண்டு, அந்த விதியின்கீழ் மிகவும் நலிந்தவராக வாழ நேர்ந்தாலும் அதை ஏற்பீர்களா என்று கேளுங்கள். பிறகு, மற்றொரு தத்துவ அறிஞரான டி. எம். ஸ்கான்லன் 1998-இல் வலியுறுத்தியபடி, பாதிக்கப்படும் ஒவ்வொருவரும் அதை நியாயமாக மறுக்க முடியுமா என்று தனித்தனியே பாருங்கள். பலருடைய சிறு வசதிகளைக் கூட்டி, ஒருவருடைய பெருந்துன்பத்துக்கு எதிரே நிறுத்தக் கூடாது. இக்கோட்பாட்டின் உயிர் இதில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

குழந்தைகளைப் போல, தமக்காகப் பேச இயலாதவர்களின் மறுப்பை நீங்களே எழுதுங்கள். முடிவு முதல் குறிப்போடு முரண்பட்டால், திருத்தப்பட வேண்டியது உணர்வா, விதியா என்று மறுபடியும் ஆராயுங்கள்.